பீரோவுக்குள் இருந்த நல்ல நாள்

2022 தை மாதம், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி. அம்மா பீரோவைத் திறந்து அடித்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்தாள். உள்ளே அவளுடைய முகூர்த்தப் புடவை. 1973-இல் தாத்தா காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்து வந்த அரக்குப் பட்டு. "நான் இனிமே எங்க கட்டப்போறேன். நாளைக்கு நீ கட்டிக்கோடி" என்று என் கையில் கொடுத்தாள்.

கட்டிலில் வைத்து முதல் மடிப்பைப் பிரித்தேன். காய்ந்த வாழைச்சருகை இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரு சத்தம். மடிப்புக் கோட்டிலேயே ஒரு முழத்துக்குப் புடவை விட்டுப்போயிருந்தது. அடுத்த மடிப்பைப் பிரித்தால் அங்கேயும் அதே கதி. கரையில் ஜரிகை புதிது போல மின்னியது. உடலில் இருந்த பட்டோ விரல் பட்ட இடத்திலெல்லாம் நூலாகப் பிரிந்து வந்தது.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எத்தனை தடவை கட்டினோம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். கல்யாணம். வளைகாப்பு. அண்ணனுக்குப் பெயர் வைத்த அன்று. எனக்குக் காது குத்தியபோது. சித்தி கல்யாணம். புது வீடு கிரகப்பிரவேசம். அண்ணன் கல்யாணம், என் கல்யாணம். எட்டு. 49 வருஷத்தில் எட்டு நாள். "உங்கப்பா வெள்ளிக்கிழமைல கட்டேன், கட்டேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான்தான் இருக்கட்டும், நல்ல நாளுக்கு ஆகும்னு வெச்சேன்" என்றாள். அப்பா 2019-இல் போய்விட்டார்.

அந்த 'இருக்கட்டும்' என்ற சொல் அன்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. எங்கள் வீட்டில் நல்ல பொருள் எது வந்தாலும் அதன்மேல் முதலில் விழுவது அந்தச் சொல்தான். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த சென்ட் பாட்டிலுக்கு இருக்கட்டும். ஷோகேஸில் இருக்கும் பூப்போட்ட கப் அண்ட் சாஸருக்கு இருக்கட்டும், விருந்தாளி வரட்டும். சென்ட் காடி வாசம் அடிக்கும்வரை இருந்தது. கப்பில் இதுவரை காபி குடித்தவர்கள் பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும். வறுமையில் வந்த பழக்கம் இது, அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வருஷத்துக்கு ஒரு புடவை எடுத்த காலத்தில் அதைப் பொத்திப் பாதுகாத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் காலம் மாறிய பிறகும் நான் அதே பழக்கத்தை என் பீரோவுக்குள் வளர்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்து வந்து எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பட்டு. அதில் ஐந்தை நாலு வருஷமாகத் தொடவே இல்லை.

அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் பட்டு என்று வைத்துக்கொண்டேன்.

திருச்சி தில்லை நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வரவேண்டும். முதல் வெள்ளிக்கிழமை மாம்பழக் கலர் புடவையும் ஒரு முழம் மல்லிகையுமாக உள்ளே நுழைந்ததும், "என்னக்கா, பிறந்தநாளா? கல்யாண நாளா?" என்று நாலு பேர் கேட்டார்கள். "ஒண்ணுமில்லை, வெள்ளிக்கிழமை" என்றேன். மூன்றாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதத்தில், எங்கள் பிரிவில் இருக்கும் மூன்று பெண்களும் வெள்ளிக்கிழமை நல்ல புடவையில் வர ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் நாளைக்கு எது என்கிற பேச்சுதான். அந்தப் பேச்சே ஒரு சந்தோஷம்.

ஆனால் இதைத் தொடங்கியதும் ஓர் உண்மை தெரிந்தது. நாம் நல்ல புடவையைக் கட்டாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் 'இருக்கட்டும்' என்றால், மீதிப் பாதி ரவிக்கை. எடுத்த வருஷம் தைத்த ரவிக்கை இப்போது கை ஏறாது. காலையில் ஏழரை மணிக்குப் போட்டுப் பார்த்து, ஏறாமல், அலுத்துப்போய்ப் பழைய காட்டன் புடவைக்கே திரும்பிவிடுவோம். இதற்கு நான் கண்ட வழி எளிது. பொன் நிறத்தில் ஒன்று, அரக்கில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று மூன்று பட்டு ரவிக்கை இன்றைய அளவுக்குத் தைத்துக்கொண்டேன். என் பதினான்கு புடவையில் பதினொன்றுக்கு இந்த மூன்றில் ஒன்று பொருந்திவிடுகிறது. புதிதாகத் தைக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்கிறேன். பிரித்து விட்டுக்கொண்டால் இன்னும் பத்து வருஷம் ஓடும். ராத்திரியே புடவை, ரவிக்கை, பாவாடை, பின் எல்லாவற்றையும் நாற்காலியில் எடுத்து வைத்துவிடுவேன். காலையில் தேட ஆரம்பித்தால் அன்றைக்குப் பட்டு கிடையாது. பஸ்ஸுக்குக் கனமான கல்யாணப் பட்டு சரிப்படாது. சின்னக் கரை வைத்த லேசான பட்டுதான். மழை இருட்டிக்கொண்டு நின்றால் அடம்பிடிக்காமல் சுங்குடிக்கு மாறிவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மயில்கண் கரை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, "வா, மெயின்கார்டு கேட் வரைக்கும் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டு வரலாம்" என்றார். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தோம். மலைக்கோட்டையில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஒரு கப் ஐஸ்கிரீம், போக வர பஸ். அவ்வளவுதான் செலவு. ஆனால் நல்லதாக உடுத்திக்கொண்டு போனதால் அது கடைக்குப் போய்வந்த மாதிரி இல்லை, வெளியே போய்வந்த மாதிரி இருந்தது.

ஷோகேஸில் இருந்த கப் இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு. ஒன்று கை தவறி உடைந்தது. மீதி ஐந்து இருக்கிறது.

அம்மா மட்டும் அசையவில்லை. "எனக்கெதுக்குடி இந்த வயசுல, யாரு பாக்கப்போறா" என்பாள். அப்பா போனதிலிருந்து வெளிர் நிறப் பூனம் புடவை மட்டும்தான். யாரும் அவளைக் கட்டாதே என்று சொல்லவில்லை. நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்று அவளே ஒதுக்கிக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்திக் கட்ட வைத்தால் அது அவளுக்குச் சந்தோஷமாக இருக்காது என்று எனக்குத் தெரியும். வேறு வழியாகத்தான் போகவேண்டியிருந்தது.

அந்த வழி ஆடிப் பெருக்கில் கிடைத்தது. எங்கள் சின்ன வயதில் பதினெட்டாம் பெருக்கு என்றால் பட்டுப் பாவாடையும் தூக்குச் சட்டியுமாகக் கிளம்பிவிடுவோம். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், கூட வடாம். ஸ்ரீரங்கத்தில் 'அம்மா மண்டபம்' என்கிற படித்துறையில் காவிரிக்குக் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, கூட்டத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆடியில் ஸ்ரீரங்கம் கோயில் உற்சவர் நம்பெருமாளே அங்கே எழுந்தருளிக் காவிரிக்குப் புடவை, மாலை என்று சீர் கொடுப்பார். அதை யானைமேல் கொண்டுவந்து ஆற்றில் விடுவார்கள். 2022 ஆடியில் அம்மாவை அங்கே அழைத்துப்போனபோது சொன்னேன்: "ஆத்துக்கே வருஷா வருஷம் புடவை வருதும்மா. உனக்கு என்ன?" அவள் சிரித்தாள். சிரித்ததோடு சரி. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "எங்கேயாவது ரெண்டு நாள் போய்ட்டு வருவோமாடி" என்று அவளே கேட்டாள்.

முதல் பயணத்தைச் சொதப்பினேன். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி கும்பகோணம் கிளம்பினோம், காலண்டரைப் பார்க்கவில்லை. பெரிய முகூர்த்த நாள். ரயிலில் நிற்க இடமில்லை. போனில் பேசி வைத்திருந்த விடுதியில் ரூமைக் கல்யாணக் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டு, வேறு ரூமுக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். அம்மா முழங்கால் வலியோடு வரவேற்பறை சோபாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலமே திரும்பி வந்தோம்.

அன்றிலிருந்து தினசரிக் காலண்டரில் முகூர்த்தம் இல்லாத சனி ஞாயிறாகப் பார்த்து வட்டம் போட்டு வைக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. கோயில் திருவிழா இருக்கும் ஊர்களை விட்டுவிட்டால், அந்த மாதங்களில் விடுதியில் நம்மை வாங்க வாங்க என்கிறார்கள், வாடகையும் இறங்கி வருகிறது. புரட்டாசியிலும் கூட்டம் குறைவுதான். ரூமுக்கு முன்பணம் அனுப்பி, ரசீதை போனில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். ரிசர்வேஷன் உள்ள ரயிலுக்கு இப்போது 60 நாளைக்கு முன்னால் டிக்கெட் திறக்கிறது. அந்தத் தேதியையும் காலண்டரிலேயே எழுதிவிடுவேன். பணத்துக்கு, மாதம் 1,500 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுகிறோம். நாலு மாதத்தில் 6,000. அதற்குள் எங்கே போக முடியுமோ அங்கே. மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எந்த மாதமும் மிஞ்சாது.

இரண்டாவது முறை அதே கும்பகோணம்தான், மார்கழியில். அம்மா, நான், வீட்டுக்காரர், மகள். கூடுதல் கட்டிலோடு ஒரு ரூம் 2,200, ரயில் 400, ஆட்டோ 1,200, சாப்பாடு 1,700, பூ, அர்ச்சனை என்று 300. மொத்தம் 5,800. காலையில் கடப்பா தொட்டுக்கொண்டு இட்லி. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, சோம்பு வாசனையோடு வைக்கும் அந்தக் கடப்பாவை அந்தப் பக்கத்துக் கைப்பக்குவத்தில்தான் சாப்பிட வேண்டும். அப்புறம் பித்தளை டபராவில் டிகிரி காபி. அம்மா ஆற்றி ஆற்றி, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க இன்னும் நூறு மைல் போகலாம்.

வயதானவர்களோடு போனால் அரை நாளைக்கு ஓர் இடம்தான். மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அந்த நேரம் அவர்கள் காலை நீட்டிப் படுக்க ரூம் வேண்டும். அதனால் சாயங்காலத்துக்குத் தாராசுரம் மட்டும் வைத்திருந்தோம். கிளம்பும் நேரத்தில் பார்த்தால், அம்மா தன் பையிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டை எடுத்து வைத்திருந்தாள். யாருக்கும் சொல்லாமல் கொண்டுவந்திருக்கிறாள். "இங்க நம்மளத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையே" என்று மெதுவாகச் சொன்னாள். என் மகள் ஓடிப்போய்க் கொசுவத்தைப் பிடித்துவிட்டாள்.

தாராசுரத்தில் இருப்பது சோழ மன்னன் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். முன்மண்டபமே தேர் மாதிரி, சக்கரமும் குதிரையுமாக இழுத்துக்கொண்டு ஓடுவது போல நிற்கும். மாலை வெயில் கல்லில் விழுந்தபோது அம்மாவின் புடவை ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் தெரிந்தது. சுவரடியில் இருக்கும் விரற்கடை அளவுச் சிற்பங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். மழைக்காலத்தில் அந்தப் பிரகாரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். மார்கழிக் கடைசியிலிருந்து மாசிவரை நல்ல சமயம்.

தாராசுரம் நெசவாளர் ஊர். சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய. வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அம்மாவையே பார்த்தார். கூப்பிட்டு, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்த முந்தானையைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார். அம்மா தயங்கிக்கொண்டே நீட்டினாள். கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பி, கட்டைவிரலால் தடவினார். "கோர்வை போட்டது. குறுக்கு நூலை ஓட்டற நாடா இந்தக் கரைக்கு ஒண்ணு, உடலுக்கு ஒண்ணு, அந்தக் கரைக்கு ஒண்ணு. ரெண்டு ஆளு உக்காந்து நெய்யணும். இப்ப இதுக்கு ஆள் கிடைக்கறதில்லை" என்றார். பிறகு அம்மாவிடம் கேட்டார், எத்தனை நாளைக்கு ஒரு தடவை கட்டுவீங்க என்று. அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் அரக்குப் பட்டின் கதையைச் சொன்னேன்.

"மடிப்பு தின்னிருக்கும்" என்றார் உடனே. "கட்டிக் கிழிஞ்ச பட்டைவிட வெச்சுக் கிழிஞ்ச பட்டுதான் நான் நிறையப் பாத்திருக்கேன்."

அந்தத் திண்ணையில் அரை மணி நேரத்தில் அவர் சொன்னவற்றை நான் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். ஜரிகை என்பது வெள்ளி இழை. பட்டு நூலின்மேல் சுற்றித் தங்கமுலாம் பூசியது. ஒரே கோட்டில் வருஷக்கணக்கில் மடிந்திருந்தால் அந்த உலோகம் பட்டை அறுக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, நிழலில் அரை மணி காற்றாட விட்டு, வேறு கோட்டில் மடிக்க வேண்டும். ஜரிகை உள்பக்கம் வரவேண்டும். பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது, பழைய பருத்தி வேட்டிதான் சரி. அந்துருண்டை போட்டால் துணியில் முடிந்து மூலையில் போடவேண்டும், பட்டின்மேல் படக்கூடாது. சென்ட்டைப் புடவை கட்டுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், ஜரிகையில் பட்டால் கறுத்துவிடும். கட்டிக் களைந்ததும் அப்படியே பீரோவுக்குள் வைக்காமல் வேர்வை உலரக் கொடியில் போட வேண்டும். எண்ணெய் பட்டுவிட்டால் தேய்க்காமல் விபூதியையோ பவுடரையோ அப்பி விட வேண்டும், இழுத்துக்கொள்ளும்.

மறுநாள் காலை திருபுவனம் போனோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான். 1955-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடை இருக்கிறது. 2019-இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே புடவையை விசிறி மடிப்பாக மடிப்பார்கள். கை வைத்துப் பிடித்து இழுத்தால் விசிறி போலவே விரியும். அம்மா கேட்டு, மகள் ஒரு புடவையை விரித்துக் காட்டினாள். நாங்கள் எதுவும் வாங்கவில்லை. வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. வீட்டில் இருப்பதைக் கட்டத் தொடங்கிய பிறகு அந்த ஆசை தானாகக் குறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமைப் பட்டால் செலவு கூடும் என்று பயந்தவள் நான். மூன்று வருஷத்தில் ஒரு பட்டுதான் எடுத்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய வாரம் வாசலில், 'பழைய பட்டுப்புடவை வாங்குறது' என்று ஒருவர் கூவிக்கொண்டு போனார். கிழிந்த பட்டை எடைபோட்டு வாங்கி ஜரிகையிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். அம்மா அரக்குப் புடவையை எடுத்துக் காட்டினாள். அவர் சொன்ன விலை மோசமில்லை. அம்மா கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, "வேண்டாம்பா" என்று உள்ளே எடுத்து வந்தாள். எங்கள் தெருத் தையற்காரரிடம் கொடுத்து, நன்றாக இருந்த கரையையும் முந்தானையையும் வெட்டி எடுத்து, அதே அரக்கில் புதுப் பட்டுத் துணியில் வைத்து என் மகளுக்குப் பாவாடை தைத்தோம். லைனிங் கொடுத்தால்தான் பழைய ஜரிகையின் கனத்தைத் துணி தாங்கும் என்று அவரே சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பாவாடையை மகள் முதன்முதலில் கட்டியது தரங்கம்பாடியில். போன தை மாதம் போயிருந்தோம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கடற்கரைக்கு வந்தோம். கடல் அரித்துப் பாதி போய்விட்ட மாசிலாமணிநாதர் கோயில் பக்கமாக அம்மாவுக்கு ஒரு திட்டு பார்த்து உட்காரவைத்தோம். மாம்பழக் கலரில் என்னுடைய புடவை ஒன்றைக் கட்டியிருந்தாள். இரவல் கேட்டு வாங்கியது. வீட்டுக்காரர் நாலு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தார். காற்று அடித்த அடியில் மகளின் தட்டு சாய்ந்து, பஜ்ஜி அரக்குக் கரைமேல் விழுந்தது. எண்ணெய் வட்டமாகப் பரவியது. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாட்டி, உன் புடவை" என்றாள்.

அம்மா சுருக்குப் பையைத் திறந்தாள். காலையில் கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, அந்த இடத்தில் அப்பி, மேலே கைக்குட்டையை வைத்து அழுத்தினாள்.

"ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள இழுத்துடும். நீ இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கோ, ஆறிடப்போகுது."